அம்மாவின் சீயக்காய் உங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை?

கேள்வி: எனக்கு 27 வயது. திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். இடுப்பு வரை சுருட்டை முடி, அப்பா வழியில் வந்தது. சின்ன வயதிலிருந்தே வறண்ட முடிதான். ஆனால் இங்கே வந்த இந்த இரண்டு வருடத்தில் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. சீப்பு இறங்குவதில்லை, நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. புதன்கிழமை ஷாம்பு போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தலை நிறைய எண்ணெய் வைத்து, சீயக்காய் சோப்பு போட்டுக் குளிக்கிறேன். ஹாஸ்டலில் போர் தண்ணீர். ‘சல்ஃபேட் இல்லாதது’ என்று போட்டிருந்த ஷாம்புவை 550 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நுரையும் வரவில்லை, பிசுக்கும் போகவில்லை. அம்மாவுக்கு நேரான முடி, 54 வயதிலும் பளபளவென்று இருக்கிறது. ‘நான் சீயக்காயைத் தவிர எதையும் தொட்டதில்லை’ என்கிறார். பார்லரில் நேராக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். இலேசாகப் பொடுகும் உண்டு. மென்மையான ஷாம்பு எது? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு ஷாம்புவின் பெயரைச் சொன்னால் போதும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றிய வரியைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். அவரும் சீயக்காய் என்கிறார், நீங்களும் சீயக்காய் என்கிறீர்கள். ஆனால் அவர் தலையில் தேய்த்தது ஒன்று, நீங்கள் தேய்ப்பது வேறு ஒன்று. தண்ணீரும் வேறு, முடியும் வேறு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் கடையில் எதை எடுப்பது என்பது உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

முதலில் தண்ணீர். கல்யாணத்துக்கு முன்னால் எந்தத் தண்ணீரில் தலைக்குக் குளித்தார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கமிருந்து வரும் ஐம்பது வயது தாண்டிய பெண்களிடம் நான் இதைக் கேட்பதுண்டு. கண்மாய் என்பார்கள். இல்லாவிட்டால், ஊருணியிலிருந்து தலைக்கென்று தனியாக ஒரு குடம் எடுத்து வந்ததைச் சொல்வார்கள். இரண்டுமே மழைத் தண்ணீர். சோப்போ சீயக்காயோ எதைப் போட்டாலும் வழுக்கிக்கொண்டு அலசிப் போகும். போர் தண்ணீர் அப்படி இல்லை. பாறை இடுக்கில் கிடந்து கால்சியம், மெக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. குடிநீரில் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. உங்கள் ஹாஸ்டல் தண்ணீர் எவ்வளவு என்று அறிய ஆய்வகத்துக்குப் போக வேண்டியதில்லை. குழாய் மூட்டில் வெள்ளையாகக் காரை கட்டியிருக்கிறதா? சமையல்காரம்மா பருப்பு வேகவில்லை என்று புலம்புகிறாரா? வாளியின் உள்பக்கம் கையால் தடவினால் சொரசொரக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அது உங்கள் தலையிலும் படிகிறது.

இங்கே ஒரு பயத்தை நீக்கிவிடுகிறேன். உப்புத் தண்ணீரால் முடி வேரோடு கொட்டிவிடும் என்று பரவலாக நம்புகிறார்கள். வேர் தோலுக்குள்ளே இருக்கிறது, மேலே ஊற்றும் தண்ணீர் அதை அசைப்பதில்லை. முடியின் மேல் படிந்து சொரசொரப்பாக்கி, சிக்கு விழ வைத்து, சீப்பு போடும்போது பாதியில் ஒடிய வைப்பதுதான் அது செய்யும் வேலை. சீப்பில் வந்த முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து உதிர்ந்தது. அப்படி ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் ஒடிந்தது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது பெரும்பாலும் ஒடிவதாகத்தான் இருக்கும்.

அடுத்தது அந்த சீயக்காய் சோப்பு. உங்களுடைய தொல்லையில் பாதி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். சீயக்காயில் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இயற்கையாகவே உண்டு. வேகவைத்து வடித்த சீயக்காய்த் தண்ணீருக்கு இலேசான அமிலத்தன்மை இருக்கும். நம் தலைத் தோலும் அப்படித்தான், அதன் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5.5. முடித்தண்டு அதைவிடவும் அமிலப் பக்கம், 3.67 அளவில் இருக்கிறது. சோப்பு என்பது எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்வது. அதற்குள் சீயக்காய்ச் சாறோ பொடியோ சேர்த்தாலும் அது சோப்புதான், அதன் பிஹெச் 9, 10 என்று காரப் பக்கமே நிற்கும். முடியின் மேல்பரப்பில் மீன் செதில் மாதிரி, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி அடுக்கு உண்டு. காரம் பட்டால் அந்த அடுக்கு தூக்கிக்கொள்ளும். ஒரு முடியின் தூக்கிய செதில் இன்னொன்றில் மாட்டும். நீங்கள் சிக்கு என்று சொல்வது இதைத்தான்.

இது போதாது என்று, சோப்பும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் கரையாத கசடு ஒன்று உண்டாகும். வாளி விளிம்பில் ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பிசுக்கு அதுதான். வழவழப்பான வாளியிலிருந்தே அது தேய்த்தால்தான் போகிறது என்றால், இடுப்பளவு சுருட்டை முடிக்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 550 ரூபாய் ஷாம்பு பிசுக்கை எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை படிந்த சோப்புக் கசடையும் தலை நிறைய வைத்த எண்ணெயையும் புதன்கிழமை ஒரு மென்மையான ஷாம்பு எப்படி எடுக்கும்? அந்த ஷாம்புவின் மேல் எனக்கு அவ்வளவாகக் குறையில்லை. அதற்கு முடியாத வேலையைக் கொடுத்திருக்கிறீர்கள்.

மூன்றாவது, முடியின் வடிவம். அம்மாவுடைய நேரான முடியில் தலைத் தோலில் சுரக்கும் எண்ணெய் சறுக்கிக்கொண்டு நுனி வரை போய்விடும். சுருட்டை முடியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்காது, தட்டையான நீள்வட்டமாக இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் எண்ணெய் தேங்கி நின்றுவிடும், பாதிக்கு மேல் இறங்காது. அதனால்தான் உச்சந்தலை எண்ணெய் வழிய, நுனி மட்டும் காய்ந்து கிடக்கிறது. முடியின் வயதையும் கணக்குப் போடுங்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வளரும். இடுப்பு வரை இருக்கும் முடியின் நுனி ஐந்தாறு வருடம் முன்பு முளைத்தது. வாரம் இருமுறை என்றால் அது ஐந்நூறு தடவைக்கு மேல் கழுவப்பட்டுவிட்டது. வேரருகே உள்ள முடியையும் அந்த நுனியையும் ஒரே மாதிரி நடத்தவே கூடாது.

இதிலிருந்து வருவதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். தலையைக் கழுவுங்கள், முடியைக் கழுவ வேண்டாம். வியர்வை, எண்ணெய், பொடுகு எல்லாம் தோலில்தான் இருக்கின்றன. ஷாம்பு அங்கே மட்டும் படட்டும். அலசும்போது வழிந்து இறங்கும் நுரையே நீளத்துக்குப் போதும். துணி துவைப்பது மாதிரி நுனியைச் சுருட்டிக் கசக்குவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது கடைக்குப் போவோம்.

முன்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள். இயற்கை, மூலிகை, கெமிக்கல் இல்லாதது, பாட்டி வைத்தியம் என்று என்ன வேண்டுமானாலும் எழுதுவார்கள். பாட்டிலைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். பாக்கெட் ஷாம்பு என்றால் கண்ணால் படிக்க முடியாது, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். முதலில் தண்ணீர் இருக்கும். அதற்கு அடுத்து வரும் மூன்று நான்கு பெயர்களில்தான் ஷாம்புவின் குணம் இருக்கிறது. கடைசியில் வரும் கற்றாழை, ஆர்கன் எண்ணெய், செம்பருத்தி எல்லாம் பெரும்பாலும் ஒரு சொட்டு, இரண்டு சொட்டுதான்.

தண்ணீருக்கு அடுத்தபடியாக, எண்ணெயைக் கடுமையாக எடுக்கும் நுரைப் பொருள்களான சோடியம் லாரில் சல்ஃபேட் அல்லது அம்மோனியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் உங்கள் முடிக்கு வேண்டாம், வைத்துவிடுங்கள். சோடியம் லாரெத் சல்ஃபேட் என்பது வேறு. பெயர் ஒட்டிப் பிறந்த மாதிரி இருந்தாலும் லாரிலைவிட மென்மையானது. அதோடு கோகாமிடோபுரொபைல் பீட்டைன் என்பதும் பட்டியலில் முன்னாலேயே வந்தால் அதன் கடுமை இன்னும் குறையும். கோகோ குளுக்கோசைட், டெசில் குளுக்கோசைட், சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட், சோடியம் லாரோயில் சார்கோசினேட் ஆகியவை மென்மையான கூட்டத்தைச் சேர்ந்தவை. வறண்ட சுருட்டைக்கு இவற்றில் ஏதாவது ஒன்றிரண்டு முதலில் வரும் ஷாம்புதான் என் தேர்வு.

‘சல்ஃபேட் இல்லை’ என்ற வாசகத்தை மட்டும் நம்பி வாங்குவதில் ஒரு குழி இருக்கிறது. சல்ஃபேட்டை எடுத்துவிட்டு ஓலெஃபின் சல்ஃபோனேட் என்பதைப் போடுகிறார்கள். எழுத்துப்படி அது சல்ஃபேட் இல்லைதான். ஆனால் எண்ணெயை உரித்து எடுப்பதில் அதற்குச் சளைத்ததும் இல்லை. உங்கள் 550 ரூபாய் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். இது இருந்தால் தங்கைக்கோ தோழிக்கோ, நேரான எண்ணெய் முடி உள்ள யாருக்காவது கொடுத்துவிடுங்கள். குளுக்கோசைட் வகை இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், கீழே சொல்வது மாதிரி பயன்படுத்திப் பாருங்கள்.

பட்டியலின் நடுவில் பாலிகுவாட்டர்னியம் என்று தொடங்கும் பெயரோ, குவார் ஹைட்ராக்சிபுரொபைல்ட்ரைமோனியம் குளோரைடு என்ற நீளமான பெயரோ இருந்தால் நல்லது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குவார் என்பது நம் கொத்தவரை. அதன் விதைப் பசையைக் கொஞ்சம் மாற்றி, முடியில் ஒட்டி வழவழப்பாக்கும்படி செய்திருக்கிறார்கள். டைசோடியம் ஈடிடிஏ அல்லது டெட்ராசோடியம் ஈடிடிஏ இருந்தால் உங்களுக்கு இன்னும் நல்லது, ஏனென்றால் தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. போர் தண்ணீர்க்காரர்கள் நான் சொன்ன எதை மறந்தாலும் இந்த ஈடிடிஏவை மறக்க வேண்டாம். பிஹெச் 5, 5.5 என்று எழுதியிருந்தால் அதையும் பாருங்கள்.

குழந்தை ஷாம்பு மென்மையானதுதானே என்று பலர் கேட்கிறார்கள். கண் எரியாமல் இருப்பதற்காகச் செய்தது அது. எண்ணெய் வைத்த, நீளமான, வெடித்த முடிக்கு வேண்டிய வழவழப்பு அதில் கிடையாது. அப்புறம், மணத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் பிடரியிலும் காதோரமும் தடிப்போடு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். புதிய ஷாம்பு எதுவானாலும், பாக்கெட் கிடைத்தால் முதலில் அதை வாங்கி மூன்று நான்கு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பாட்டில் வாங்குங்கள்.

ஷாம்புவில் 100 ரூபாய் குறைத்துக் கண்டிஷனரில் சேர்க்கச் சொல்வேன். நீங்கள் கடிதத்தில் கண்டிஷனர் என்ற சொல்லையே எழுதவில்லை. வறண்ட சுருட்டைக்கு ஷாம்புவைவிட அதுதான் அவசியம். கழுவிய முடியில் எதிர்மின்னூட்டம் தங்கும், அதனால்தான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பரட்டையாக நிற்கிறது. கண்டிஷனரில் உள்ள பிஹென்ட்ரைமோனியம், செட்ரிமோனியம் வகைகள் நேர்மின்னூட்டம் உள்ளவை. எங்கே சேதம் அதிகமோ அங்கே போய் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் செட்டியரில் ஆல்கஹால், செட்டைல் ஆல்கஹால் என்று பார்த்து, ஆல்கஹால் முடியைக் காய வைக்கும் என்று பயந்து சிலர் வைத்துவிடுகிறார்கள். அவை மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள்கள், முடிக்கு நல்லவை. டைமெத்திகோன் போன்ற சிலிக்கோனும் விஷம் இல்லை. வெடித்த நுனிக்கு அது ஒரு போர்வை. ஆனால் மென்மையான ஷாம்புவால் அதை முழுவதும் எடுக்க முடியாமல் சில மாதத்தில் பாரமாகப் படியலாம். அமோடைமெத்திகோன் சேதமான இடத்தில் மட்டும் ஒட்டும், அது உங்களுக்குப் பரவாயில்லை.

குளிக்கும் முறைக்கு வருகிறேன். முதல் தடவை, படிந்து கிடக்கும் கசடை எடுக்க வேண்டும். கிளாரிஃபையிங் என்று எழுதி, ஈடிடிஏ உள்ள ஷாம்பு ஒன்றால் ஒரே ஒரு முறை தலையையும் நீளத்தையும் கழுவி, உடனே நிறையக் கண்டிஷனர் போடுங்கள். இதை மாதம் ஒரு முறைக்கு மேல் செய்யக் கூடாது. மற்ற நாட்களில் மென்மையான ஷாம்பு. ஒரு மக் தண்ணீரில் கரைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, விரல் நுனியால் தலைத் தோலில் தேயுங்கள், நகம் படக் கூடாது. முதல் தடவை நுரை வராது. எண்ணெய் இருக்கும் இடத்தில் நுரை நிற்காது, அவ்வளவுதான். நுரை வரவில்லையே என்று இன்னும் இன்னும் ஊற்றாமல், அலசிவிட்டு இரண்டாவது முறை கொஞ்சமாகப் போட்டால் நன்றாகவே நுரைக்கும்.

பிறகு காதுக்குக் கீழே நுனி வரை கண்டிஷனர். ஷாம்புவைப் போல இரண்டு மூன்று மடங்கு தாராளமாக எடுங்கள். அது முடியில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள். நேரான முடிக்காரர்களுக்கு ஈரத்தில் சீவாதே என்று சொல்வோம். சுருட்டைக்கு நேர்மாறு, காய்ந்த பிறகு சீப்பை வைத்தால்தான் ஒடியும். ஐந்து நிமிடம் கழித்து அலசுங்கள். கடைசியாக ஊற்றும் இரண்டு மக் மட்டும் நல்ல தண்ணீராக இருந்தால் மிகவும் நல்லது. கார்ப்பரேஷன் குழாயில் வருவதோ, மழை பெய்யும் நாளில் மாடியில் பிடித்ததோ எதுவானாலும் சரி. ஊருக்குப் போகும்போது கண்மாய் நிறைந்திருக்கிறது என்று அதில் இறங்க வேண்டாம், இப்போது எல்லாக் கண்மாய்களும் பழையபடி சுத்தமாக இல்லை. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரைத் தலைக்கு எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அதில் உப்பு இன்னும் செறிவாக இருக்கும், எடுக்காதீர்கள். ஷவரில் மாட்டும் ஃபில்டர்களில் பல குளோரினைக் குறைக்குமே தவிரக் கடினத்தன்மையை எடுக்காது. படிகாரமும் கலங்கலைத்தான் தெளிய வைக்கும்.

துவட்டுவதற்குப் பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். பிழிந்து, அழுத்தி எடுங்கள். டர்கி டவலால் உதறி அடிப்பதும், அதைத் தலையில் முறுக்கிக் கொண்டை போடுவதும் வேண்டாம். காலையில் குளித்துவிட்டு ஈரத்தோடு பின்னி, மல்லிகைச் சரத்தை வைத்துக்கொண்டு கடைக்கு ஓடுவீர்கள் என்று நினைக்கிறேன். ஹாஸ்டலிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் பலரும் செய்வதுதான். உள்ளே சாயங்காலம் வரை ஈரம் காயாது, அரிப்பும் நாற்றமும் வரும். முடிந்தால் தலைக் குளியலை மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பூவைக் காய்ந்த தலையில் வைத்தால் போயிற்று.

எண்ணெய் விஷயத்தில் உங்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தலை நிறைய எண்ணெய் வைக்கிறீர்கள். அதை எடுக்கக் கடுமையான சோப்பு தேவைப்படுகிறது. சோப்பு முடியைக் காய வைக்கிறது. காய்ந்துவிட்டதே என்று அடுத்த ஞாயிறு இன்னும் கூடுதலாக எண்ணெய் வைக்கிறீர்கள். எண்ணெயைக் குறைக்காமல் மென்மையான ஷாம்புவுக்கு மாறவே முடியாது. உள்ளங்கையில் ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய், அதுவும் காதுக்குக் கீழே மட்டும், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் புகும் தன்மையுள்ளது. தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வில், கழுவும்போது முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டும்தான். நல்லெண்ணெய்க் குளியல் பழக்கம் இருந்தால் உடம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சந்தலையில் எண்ணெயே வேண்டாம் என்று சொல்வதற்கு உங்கள் பொடுகுதான் காரணம். பொடுகைத் தலை வறட்சி என்று நினைத்து எண்ணெய் ஊற்றுகிறோம். தலைத் தோலில் வாழும் மலசேசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. மருந்துக்கடையில் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு கிடைக்கும். வாரம் இருமுறை, நான்கு வாரம். தலைத் தோலில் மட்டும் தடவி, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். அது முடியைக் கொஞ்சம் காய வைக்கும், அதனால் தடவுவதற்கு முன்பே நீளத்துக்குக் கண்டிஷனர் பூசிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, தலையில் புண், நீர்க்கசிவு இருந்தாலோ கடையில் கேட்டு வாங்காமல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது அம்மாவிடம் திரும்பி வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உங்களுக்கு ஆசை இருந்தால் சீயக்காய்க்குத் திரும்பலாம், ஆனால் சுருட்டைக்குத் தகுந்த மாதிரி. பொடியை அப்படியே குழைத்துத் தேய்த்தால் திப்பி வளைவுகளில் சிக்கிக்கொள்ளும், அதை எடுப்பதற்குள் முடி ஒடியும். மில்லில் எவ்வளவு நைசாக அரைத்தாலும் மணல் மாதிரி உரசும். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக்கடையில் முழுச் சீயக்காயாக வாங்குங்கள். ஏழெட்டுக் காயை விதை நீக்கி உடைத்து, ஒரு ஸ்பூன் வெந்தயத்தோடு அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அதில் சோறு வடித்த கஞ்சியைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார், கேட்டுப் பாருங்கள். சீயக்காய் தனியாகப் போனால் எண்ணெயை அதிகமாகவே எடுத்துவிடும். கஞ்சியின் மாவுப்பொருள் முடியில் இலேசாகப் பூசிக்கொண்டு உரசலைக் குறைக்கிறது. கண்ணில் பட்டால் நன்றாகவே எரியும், ஜாக்கிரதை. அன்றன்றைக்குச் செய்வதே நல்லது, மறுநாளே புளித்துப்போகும். ஹாஸ்டலில் இதற்கு வசதி இருக்காது. ஊருக்குப் போகும் நாட்களில் செய்துகொள்ளுங்கள்.

அரப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது சொல்வார்கள். உசில மரத்து இலையை உலர்த்தி இடித்ததுதான் அரப்பு. அந்த மரத்தால்தான் உசிலம்பட்டிக்கு அந்தப் பெயர் என்று நம் பக்கம் சொல்வார்கள். எண்ணெயை எடுப்பதில் கெட்டிக்கார இலை. வறண்ட முடிக்கு அதனாலேயே நான் அதைச் சொல்வதில்லை. ஆப்பசோடாவும் வேண்டாம், அது காரம். எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்பதும் வேண்டாம், தோல் கருத்து வெந்துபோகும்.

பார்லர் யோசனைக்கு என் பதில் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம் என்பதுதான். நேராக்கும் மருந்துகளில் சில, சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவை வெளிவிடுகின்றன. அதற்குப் பதிலாகக் கிளையாக்சிலிக் அமிலம் உள்ளவை வந்தன. அவற்றால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்திருக்கின்றன. ஏற்கெனவே ஒடிகிற முடியை இரும்பால் இழுத்தால் மிச்சமும் போகும். பார்லருக்குப் போவதாக இருந்தால் இரண்டு மூன்று அங்குலம் நுனியை வெட்டிக்கொண்டு வாருங்கள். வெடித்த நுனி எந்த மருந்தாலும் ஒட்டாது, விட்டுவைத்தால் வெடிப்பு மேலே ஏறும். இடுப்பு வரை வளர்த்த முடியை வெட்ட மனசு வராது என்று எனக்குத் தெரியும். ஆறேழு மாதத்தில் அது திரும்ப வந்துவிடும்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. இரண்டு வருடத்தில் இவ்வளவு மாறியது தண்ணீராலும் சோப்பாலும்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் கூடவே அசதி, உடல் எடை ஏறுவது, தோலும் வறண்டுபோவது, மாதவிலக்கு முறை மாறுவது அல்லது அதிகமாகப் போவது என்று எதுவும் இருந்தால் தைராய்டும் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் (உடம்பில் உள்ள இரும்புச் சத்தின் இருப்பு) ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தால் முடி இப்படித்தான் சொரசொரப்பாகும். அதற்கு ஷாம்பு வைத்தியம் எடுபடாது.

இந்த வாரம் கிளாரிஃபையிங் குளியல் ஒன்று, சீயக்காய் சோப்புக்கு விடை, நல்ல கண்டிஷனர் ஒன்று. இவற்றோடு தொடங்குங்கள். பழைய நுனியில் வித்தியாசம் கொஞ்சமாகத்தான் தெரியும், சிக்கு குறைவதுதான் முதலில் தெரியும். மூன்று மாதம் கழித்து வேரருகே புதிதாக வந்த மூன்று சென்டிமீட்டரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். அம்மா எந்தத் தண்ணீரில் குளித்தார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.